மாப்பிள்ளை செய்த காற்று

என் கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கும். அதை முதலிலேயே பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவதோடு என் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. ல, ள, ழ மூன்றும் எங்கள் பக்கத்து ஜனங்கள் வாயில் ஒன்றாகத்தான் வரும். எழுதும்போது எதைப் போடுவது என்று ஒவ்வொரு தடவையும் நின்று யோசிப்பேன். தப்பாகப் போட்டிருந்தால் நீங்கள் சரியாகப் படித்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லிவிடலாம் என்றால், அது என்னால் ஆகிற காரியமில்லை. நான்கு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. இந்தக் கதையே அதனால் வந்ததுதான்.

செஞ்சியில் குட்டியானை ஓட்டுகிறேன். சின்ன லோடு வண்டியை இங்கே அப்படித்தான் சொல்வோம். சிங்கவரம், அதைத் தாண்டியிருக்கிற ஊர்கள், இங்கெல்லாம் மல்லாட்டை மூட்டை ஏற்றிக்கொண்டுவந்து கமிட்டியில், அதாவது கவர்மெண்ட் விற்பனைக்கூடத்தில், இறக்குவது என் வேலை. வெளியூர்க்காரர்கள் மல்லாட்டையை வேர்க்கடலை என்பார்கள். எங்களுக்கு ஒரே மகள். கம்ப்யூட்டர் படித்தாள். அதே படிப்பு படித்தவருக்கே கட்டிக்கொடுத்தோம். இரண்டு பேரும் ஜெர்மனியில் இருக்கிறார்கள்.

மாப்பிள்ளைக்கு அங்கே ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் வேலை. கம்ப்யூட்டரிலேயே விமானம் ஓட்டிப் பழகுகிற சாப்ட்வேர் அது. விமானம், ஊர், மேகம் எல்லாம் தனித்தனி ஆட்கள் செய்வார்களாம். காற்று இவர் கணக்கு. அந்தக் காற்றில் விமானம் தானாக நேராகப் போவதற்கு ஆட்டோபைலட் என்று ஒன்று உண்டு, அதிலும் இவர் கை இருக்கிறது. வண்டி ஸ்டேண்டில் ஒருநாள் கேட்டார்கள்.

"மாப்ளைக்கு இன்னா வேல?"

"காத்து செய்யறாரு."

"காத்து அடிக்கிற வேலயா? அதுக்கு எதுக்குய்யா ஜெர்மனி? நம்ம பங்க்சர் கடையிலயே ஆள் இல்லன்னு சொல்லினு இருந்தான்."

ஸ்டேண்டே சிரித்தது. நானும் சிரித்தேன். விளக்கிச் சொல்ல எனக்கு வரவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு ஒரு லீவுக்கு வந்தபோது, எங்கள் வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஒரு பெரிய கம்ப்யூட்டரும், விமானத்துக்கு இருப்பது போல ஒரு கைப்பிடியும் வாங்கிவைத்தார். போகும்போது அதை விட்டுவிட்டுப் போனார். "சும்மா ஓட்டுங்க மாமா. உழுந்தா யாருக்கும் அடிபடாது" என்றார். அது கடைக்குப் போகிற சாப்ட்வேர் இல்லை. இன்னும் செய்துகொண்டிருப்பது, பரீட்சைக்கு வைத்திருப்பது. புதிதாக ஏதாவது மாற்றினால் இரவில் தானாக வந்து ஏறிக்கொள்ளும்.

அந்தக் கம்ப்யூட்டரை நான் ஒரு போர்வை போட்டு மூடித்தான் வைத்திருந்தேன். மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று போன் வந்த பிறகுதான் போர்வையை எடுத்தேன்.

பிரசவம் பார்க்க என் மனைவி போவதென்று முடிவானது. அவள் மட்டும். "ஆம்பள நீ வந்து அங்க இன்னா பண்ணப்போற, மூட்டை எறக்கப் போறியா?" என்றாள். பாஸ்போர்ட் வந்தது, விசா வந்தது, டிக்கெட்டும் எடுத்தாயிற்று. பூண்டு லேகியம் கிளறி இரண்டு பாட்டிலில் அடைத்து அலமாரியில் வைத்தாள். எல்லாம் சரி. ஒரே ஒரு கேள்விதான் அவளுக்கு.

"அது ஆடுமா?"

புதிதாகக் கல்யாணமானபோது மேல்மலையனூர் கோயில் அமாவாசைக்கு அவளை அழைத்துப் போயிருந்தேன். அங்கே ராட்டினம் போட்டிருந்தார்கள். மேலே போய் நின்று ஆடியதில் அவள் போட்ட சத்தத்துக்கு ராட்டினக்காரனே நிறுத்தி இறக்கிவிட்டான். அதிலிருந்து பஸ்ஸில்கூட முன்சீட்டில்தான் உட்காருவாள். அப்படிப்பட்டவள் தனியாக, கடல் தாண்டி, ராத்திரி பகல் ஆகாயத்தில் போகவேண்டும்.

"ஆடும். ஆனா அதுவே சரி பண்ணிக்கும்" என்று சொன்னேன். எனக்கு மட்டும் என்ன தெரியும்? நானும் விமானத்தை அண்ணாந்து பார்த்தவன்தான். அதனால்தான் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

மாப்பிள்ளை போனில் சொல்லச் சொல்ல, கீபோர்டில் எந்தச் சாவி எங்கே என்று இடம் பார்த்துப் பழகினேன். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் லாரியில் கியர் எங்கே என்று யாரும் படித்துப் போடுவதில்லையே. முதலில் நான்கு பேர் உட்காரும் சின்ன விமானம். ஏறி உயரம் பிடித்ததும் ஆட்டோபைலட்டைப் போட்டால் ஒரு பச்சை விளக்கு எரியும். அப்புறம் கையை எடுத்துவிடலாம். முதல் நாள் எனக்குக் கையை எடுக்கவே மனம் வரவில்லை. இத்தனை வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை அது. எடுத்தேன். இடது றெக்கை கொஞ்சம் சாய்ந்தது. விமானம் ஒரு மூச்சு விடுகிற நேரம் பார்த்தது. பிறகு மெதுவாக நிமிர்ந்து, தன் பாட்டுக்குப் போனது. அதைப் பார்த்ததும் எனக்கே நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

கொஞ்சம் பழகியதும் அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். சென்னையில் ஏற்றி, திண்டிவனம் வழியாக நம் ஊருக்கே ஓட்டிவந்தேன். செஞ்சிக் கோட்டை மலைகளில் ராஜகிரி முதலில் தெரிந்தது. பிறகு கிருஷ்ணகிரி. பாறைகூட அதே நிறம். வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு பார்த்தாள்.

"அதோ திருவண்ணாமலை ரோடு. இன்னாங்க, இன்னும் கொஞ்சம் திருப்பு, எங்க ஊரு ஏரி தெரியுதா பாரு."

திருப்பினேன். அவள் பிறந்தது சிங்கவரம். ஏரி இருந்தது, அதற்குப் பின்னால் கோயில் குன்றும் இருந்தது. கையால் திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு பரிமாறும்போது அவளாகவே, "பரவால்ல, போய்ட்டு வந்துடுவேன் போலக்குது" என்றாள்.

அதோடு விட்டிருக்கலாம். இதை நினைக்காத நாள் இல்லை. அதோடு விட்டிருக்கலாம்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பழைய வண்டி வாங்கினாலும், ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து எடுத்தாலும், லோடு ஏற்றி ஊரிலேயே மோசமான ரோட்டில் ஓட்டிப் பார்ப்போம். சிங்கவரம் ஏரிக்கரை ரோடு அதற்கென்றே இருக்கிறது. அதில் தாங்கினால் எதிலும் தாங்கும். நல்ல ரோட்டில் ஓட்டிக்காட்டி வண்டி விற்கிறவனை நாங்கள் நம்ப மாட்டோம். அந்தப் புத்தி எனக்கு. லேசான காற்றில் காட்டி அவளை அனுப்பினால் ஏமாற்றி அனுப்பியது போல ஆகும் என்று தோன்றியது. மோசமான காற்றைக் காட்டி, அதிலும் நிமிர்கிறது பார் என்று சொல்லிவிட்டால், ஆயுசுக்கும் பயம் போய்விடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். என் மச்சான், அவள் தம்பி, கமிட்டிக்கு மூட்டை போட்டுவிட்டுச் சாப்பிட வந்திருந்தான். அவனும் வந்து கட்டிலில் உட்கார்ந்தான். இந்தத் தடவை சின்ன விமானம் வேண்டாம், அவள் போகப்போகிற மாதிரியே பெரிய விமானத்தை எடுத்தேன். அதை நான் அதிகம் ஓட்டியதில்லை.

"இன்னா மச்சான், கண்டக்டர் இல்லாமயே எடுக்கிற? ஒரு ஜெர்மனி குடு, லக்கேஜ் ஒண்ணு" என்றான் மச்சான்.

"சும்மா இருடா, அவருக்கு கவனம் கலையும்" என்றாள் அவள். ஆனால் அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

உயரம் பிடித்தேன். பச்சை விளக்கைப் போட்டேன். கையை எடுத்துக் கட்டிக்கொண்டேன். பிறகு, காற்றைக் கூட்டிக் குறைக்கத் திரையில் இருக்கிற கோட்டைப் பிடித்து, கடைசி வரைக்கும் தள்ளினேன்.

முதலில் குலுங்கியது, அவ்வளவுதான். "பாரு, ஆடுது, நிமிருது" என்றேன். மூக்கு கொஞ்சம் மேலே போனது, கீழே இறங்கியது. மறுபடி மேலே போனது, முன்னைவிட அதிகமாக. இறங்கியது, அதைவிட அதிகமாக. அதுவே சரி செய்துகொள்ளும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அது சரி செய்யத்தான் பார்த்தது. ஒவ்வொரு தடவை சரி செய்யும்போதும் ஆட்டம் பெருகியது. மூட்டை உயரமாக ஏற்றின வண்டி பின்னால் அலையும்போது, புது டிரைவர் பயந்து எதிர்ப்பக்கம் வெட்டுவான், வண்டி இன்னும் அலையும். கண்ணெதிரே அதே ஆட்டம். பச்சை விளக்கை அணைத்துவிட்டுக் கையில் பிடிக்கலாம். எந்தச் சாவி என்று தெரியும். ஆனால் என் கை கட்டியபடியே இருந்தது. அதற்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிடப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

மூக்கு ஆகாயத்தைப் பார்த்து நின்றது. பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. சிவப்பு எழுத்து வந்து திரை நின்றுபோனது.

"மச்சான், பஸ்ஸு ஏரியில" என்றான் அவன். யாரும் சிரிக்காததைப் பார்த்து அவனும் அடங்கினான்.

அவள் எழுந்து பின்பக்கம் போய்ப் பாத்திரம் துலக்க உட்கார்ந்தாள். துலக்கி வைத்த பாத்திரத்தையே மறுபடி துலக்கினாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து, "நான் போவல" என்றாள்.

"அது நெஜ ப்ளேன் இல்ல. பொம்மை மாதிரி."

"மல மட்டும் நெஜமா இருந்துது? எங்க ஊரு ஏரி மட்டும் நெஜமா இருந்துது?"

அந்த மலை உண்மை, காற்று மட்டும் ஒருவர் உட்கார்ந்து போட்ட கணக்கு என்பது அப்போது என் புத்தியிலும் ஏறவில்லை. நம் மலையைக் கல் மாறாமல் காட்டுகிறது, காற்றை மட்டும் ஏன் பொய்யாகக் காட்டப்போகிறது என்று அவள் நினைத்தாள். நானும் உள்ளுக்குள் அதையேதான் நினைத்தேன்.

டிக்கெட் தேதிக்கு அப்போது இன்னும் நாள் இருந்தது. மாப்பிள்ளையிடம் ஒரு போன். "மாப்ள, பெரிய ப்ளேன்ல காத்து முழுசா வெச்சேன், உழுந்துடுச்சு, ஏன்?" என்று கேட்டிருக்கவேண்டும். ஆனால் அந்தக் காற்று அவர் செய்தது. அந்த ஆட்டோபைலட்டில் அவர் கை இருக்கிறது. உங்கள் வேலை சரியில்லை என்று மாப்பிள்ளையிடம் எந்த மாமனார் சொல்வான்? எங்கள் வீடுகளில் மாப்பிள்ளை உட்கார்ந்த நாற்காலி ஆடினால், நாற்காலியைத்தான் திட்டுவோம். கல்யாணத்தில் அவர் எனக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கிப் போட்டார். மறுமாதமே நின்றுபோனது. கடையில் காட்டினால், உள்ளே மிஷினே போய்விட்டது என்றான். அதை அவரிடம் சொல்லவில்லை. ஓடாத கடிகாரத்தைத்தான் விசேஷங்களுக்குக் கட்டிக்கொண்டு போகிறேன். இதையும் அப்படியே சொல்லாமல் வைத்துக்கொண்டேன். அது மரியாதை என்று நினைத்தேன். பாதி மரியாதை, பாதி என் கூச்சம்.

மகளிடம் முட்டி வலி என்று அவளே சொல்லிவிட்டாள். "பரவால்லம்மா, நாங்க பாத்துக்கறோம்" என்றாள் மகள். என்னிடம் போனைக் கொடுத்தபோது, "நைனா, நெஜமா முட்டி வலிதானா?" என்று கேட்டாள். "ஆமா" என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. டிக்கெட்டைக் கேன்சல் செய்தார்கள்.

குழந்தை, டாக்டர் சொன்ன நாளுக்கு முன்பே, ஆபரேஷன் செய்து பிறந்தது. பெண். மாப்பிள்ளை ஒருவராகவே ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தார். பக்கத்து வீட்டில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா இருக்கிறார். அந்த அம்மாதான் ரசம் வைத்துக் கொடுத்து, குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, மகள் தூங்குகிற நேரத்தில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தது. போனில் மகள் முகம் வீங்கிக் கிடந்தது. என் மனைவி இங்கே அடுப்படியில் நின்று, பூண்டு எத்தனை பல், மிளகு எவ்வளவு என்று கத்திக் கத்திச் சொன்னாள். லேகியத்தைப் பார்சலில் அனுப்பிப் பார்த்தோம். திரும்பி வந்துவிட்டது.

குழந்தை குப்புற விழ ஆரம்பித்த சமயம். வீடியோவில் பேசிக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை நல்ல மனசோடு, "மாமா, ப்ளேன்லாம் ஓட்டுறீங்களா?" என்று கேட்டார். நான் ஏதோ முனகினேன். அவள் என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"உங்க ப்ளேன் உழுந்துடுச்சு மாப்ள. அதான் நான் வரல."

மாப்பிள்ளை போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தார்.

"எந்த ப்ளேன் அத்தை? பெருசா? காத்து எவ்ளோ வெச்சீங்க?"

"முழுசா" என்றேன் நான்.

அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார். அந்த மாதம் வந்த சாப்ட்வேரில் பெரிய விமானத்தின் ஆட்டோபைலட் பாதிதான் ஆகியிருந்ததாம். எவ்வளவு விலகினால் எவ்வளவு திருத்துவது என்று ஓர் அளவு உண்டு. அதை அதிகமாக வைத்துவிட்டார்கள். காற்றும் அப்படித்தான். நிஜக் காற்று பெரிய அலையாக வரும், அதற்குள் சின்னச் சின்ன அலை இருக்கும். கம்ப்யூட்டரில் அதற்குச் சீட்டுக் குலுக்கிப் போடுவது போல எண் எடுத்து, அதை இழைத்து வழவழப்பாக்கி அலையாகச் செய்வார்கள். கோட்டின் கடைசியில் அந்த இழைப்பு சரியாக வேலை செய்யவில்லை. அதனால் காற்றின் ஆட்டமும் ஆட்டோபைலட்டின் திருத்தமும் ஒரே தாளத்தில் சேர்ந்துகொண்டன. ஊஞ்சலைச் சரியான நேரம் பார்த்துத் தள்ளிக்கொண்டே இருந்தது போல.

"நெஜ ப்ளேன்ல அப்படி நடக்காது அத்தை. மோசமான காத்துன்னா உயரம் கொஞ்சம் ஏறட்டும், எறங்கட்டும்னு விட்டுடுவாங்க. மூக்க மட்டும் நேரா வெச்சுக்குவாங்க. சண்ட போட மாட்டாங்க." பிறகு என்னைப் பார்த்தார். "மாமா, இந்த மாதிரி எங்கயாவது உழுவுதான்னு சொல்லத்தான் அத உங்க வீட்ல வெச்சதே. ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே அத்தைகிட்ட பேசியிருப்பேனே."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். பக்கத்தில் மகள் குழந்தைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை.

சில வாரங்களில் புது சாப்ட்வேர் வந்து ஏறியது. அதே பெரிய விமானம். அவளைக் கூப்பிட்டேன். வரமாட்டாள் என்று நினைத்தேன், வந்து உட்கார்ந்தாள். கோட்டைக் கடைசி வரைக்கும் தள்ளினேன். கையை மட்டும் சாவியின் மேலேயே வைத்திருந்தேன். ஆடியது. நன்றாகவே ஆடியது. உயரம் ஏறி இறங்கியது. ஆனால் ஆட்டம் பெருகவில்லை. ஒவ்வொன்றும் வந்து, அடங்கி, போனது. காப்பி ஆறுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆடுது. ஆனா போய்டுது" என்றாள். "நான் கேட்டது இது ஒண்ணுதான்."

"இப்ப வேணும்னா போய்ட்டு வரியா?"

"இப்ப போயி? அது ஒக்காந்து வெளாடுது. இன்னும் லேகியமா குடுக்கப் போறேன்?" என்று காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

நேற்று குழந்தைக்கு முதல் பிறந்தநாள். அமாவாசை வேறு. மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கூட்டத்தில் நான் லோடு எடுக்க மாட்டேன், வீட்டில்தான் இருந்தேன். வீடியோவில் கேக் வெட்டினார்கள். யாழ்ப்பாணத்து அம்மா புதுப்புடவை கட்டி வந்திருந்தார். குழந்தை எல்லார் கையையும் தள்ளிவிட்டு அந்த அம்மாவிடம் தாவியது. "அம்மம்மா" என்றது. பாதிதான் வந்தது, ஆனால் புரிந்தது. யாழ்ப்பாணத்தில் அம்மாவைப் பெற்றவளை அப்படிக் கூப்பிடுவார்களாம், எங்கள் பக்கத்தில் ஆயா என்போம். அந்தச் சொல்லை இங்கிருந்து எடுத்துக்கொண்டுபோய்ச் சொல்லிக்கொடுக்க அங்கே ஆள் இல்லையே.

என் மனைவி கை தட்டிச் சிரித்தாள். அந்த அம்மாவுக்குக் கும்பிடு போட்டாள். "நீங்க நல்லா இருக்கணும்" என்று இரண்டு தடவை சொன்னாள். போன் அணைந்த பிறகு புடவைத் தலைப்பால் திரையைத் துடைத்தாள். அதில் அழுக்கு ஒன்றும் இல்லை.

அப்புறம் என்னிடம் சொன்னாள். "இனிமே எதுனா ஒடஞ்சிருந்தா மாப்ளகிட்ட சொல்லிடு. நல்லா இருக்குதுன்னு சொல்லாத."

சாயங்காலம் நானே போன் போட்டேன். எப்போதும் அவர்கள்தான் போடுவார்கள், அதனால் மாப்பிள்ளை பதறிப்போய் எடுத்தார்.

"ஒண்ணும் இல்ல மாப்ள. அந்த வாட்ச்சு. நீங்க போட்ட வாட்ச்சு. அது ஓடல."

அவர் சிரித்தார். "அதுக்கா மாமா? வேற வாங்கிட்டு வரேன். எப்போலருந்து ஓடல?"

"கல்யாணத்துக்கு மறுமாசத்துலருந்து."

அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. நானும் போனை வைக்கவில்லை.

செஞ்சி, ஆவணி அமாவாசைக்கு மறுநாள்.